பவளம் 92-க்குச் சாப்பாடு

செங்குளம் வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தில் யாருடைய கோபமும் பயமும் அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேராது. அதற்கென்றே ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் சாந்தம்.

விமானி எந்த மொழியில் பேசினாலும் சரி, கத்தினாலும் சரி, சாந்தம் அதை இடைமறித்து வாங்கிக்கொள்ளும். நடுக்கத்தை வடிகட்டி, கலவரமூட்டும் சொற்களைக் களைந்து, நல்ல தமிழாக்கி, செய்தி வாசிப்பவர் குரலில் கட்டுப்பாட்டாளரின் காதில் ஊற்றும். பதறிய குரலைக் கேட்டால் கட்டுப்பாட்டாளருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஏறினால் தவறு செய்கிறார் என்று மன அமைதிக் குழு நானூறு பக்கத்தில் நிரூபித்திருந்தது. நானூறு பக்கத்தையும் படித்தவர் எவருமில்லை என்பதால் மறுத்தவரும் எவருமில்லை. அன்றிலிருந்து வானத்தில் நடக்கும் சகலத்துக்கும் ஒரே பெயர்தான்: "சிறு அசௌகரியம்". விமானத்தில் காபி தீர்ந்துபோனாலும் சிறு அசௌகரியம், கதவு கழன்று விழுந்தாலும் சிறு அசௌகரியம்.

இப்படி எட்டு மணி நேரம் தாலாட்டினால் மனிதன் என்ன செய்வான்? தூங்கினான். ஒரே மாதத்தில் நாலு பேர் நாற்காலியிலேயே குறட்டை விட்டார்கள். உடனே விழிப்புணர்வுக் குழு என்று இன்னொன்றை அமைத்தார்கள். அது முந்நூறு பக்கத்தில் வேறொன்றை நிரூபித்தது: ஆபத்து இல்லாத இடத்தில் மனிதன் விழித்திருக்க மாட்டான், ஆகவே ஆபத்தைத் தயாரித்துத் தர வேண்டும். அப்படிப் பிறந்தது விழிப்பு என்கிற இரண்டாவது இயந்திரம். திரையில் அவ்வப்போது இல்லாத விமானங்களை அது பறக்கவிடும். அவற்றுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, விமானி உண்டு, தேவைப்பட்டால் அழுகிற பயணிகளும் உண்டு. எது பொய், எது மெய் என்று கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லமாட்டார்கள். பொய் விமானத்தைச் சரியாகக் கவனிக்காதவருக்கு ஒரு கரும்புள்ளி. மூன்று சேர்ந்தால் நாற்காலி போய்விடும்.

இரண்டு குழுவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. இரண்டுக்கும் தேநீர் வேளை மட்டும் வேறு வேறு.

விழிப்பை அறிமுகப்படுத்த விழிப்புணர்வுக் குழுவின் டாக்டர் ஆத்மநாதன் வந்தபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் கோமளவல்லி. பத்தொன்பது வருட அனுபவம். அந்த அனுபவத்தில் அவளுக்கு மிஞ்சியது முதுகுவலியும், கேள்வி கேட்கும் கெட்ட பழக்கமும்.

"நிஜமான விமானம் ஆபத்துல இருக்கிற நேரத்துல பொய் விமானம் குறுக்க வந்தா என்ன சார் பண்றது?"

ஆத்மநாதனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. "வரவே வராது மேடம். உண்மையான பேரிடர்னு தெரிஞ்ச மறு நொடி, விழிப்பு தன்னோட விமானத்தைத் தானே அழிச்சிடும். சாந்தமும் ஒதுங்கிக்கும். விமானியோட அசல் குரல் நேரா உங்க காதுக்கு வரும். எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கோம்."

"பேரிடர்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"விமானியோட குரல்லேர்ந்து. நடுக்கம், வேகம், சொற்கள்."

"எந்தக் குரல் சார்? சாந்தம் வடிகட்டறதுக்கு முன்னாடியா, வடிகட்டின பிறகா?"

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும், "அது வேற கமிட்டி மேடம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தேநீர் வந்துவிட்டது.

விழிப்பு வந்த முதல் வாரத்திலேயே கோமளவல்லி கரும்புள்ளி வாங்கினாள். ஒரு பொய் விமானம் மலையில் மோதி மறைந்தது. அது பொய் என்று தெரியாமல் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். 'அளவுக்கு மீறிய ஈடுபாடு' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தார்கள். இரண்டாவது புள்ளி இட்லியால் வந்தது. சந்தேகம் வந்தால் விமானியிடம், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிற வழக்கத்தை அவள்தான் அறையில் ஆரம்பித்து வைத்தாள். மெய்யான விமானி சிரிப்பார், அல்லது எரிந்துவிழுவார். பொய் விமானி திகைத்துப்போய், "மீண்டும் கூறவும்" என்பான். ஷிப்ட் முழுக்க இட்லி விசாரணையாக இருந்ததைப் பார்த்த விழிப்புணர்வுக் குழு, அவளுக்கு ஒரு புள்ளியும் பொய் விமானிகளுக்கு ஒரு புதிய மென்பொருளும் கொடுத்தது. அடுத்த மாதம் பொய் விமானிகள் இட்லி சாப்பிட்டார்கள். ஒருவன் சட்னி சரியில்லை என்றுகூடச் சொன்னான்.

அதோடு கோமளவல்லி கண்டுபிடிக்கிற ஆசையை விட்டுவிட்டாள். திரையில் வருகிற ஒவ்வொன்றையும் மெய் என்றே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு அவ்வளவு நன்றாகச் செய்ய வராது, அது அவளுக்கே தெரியும்.

உண்மையில், பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு வழி அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மையத்தின் உணவகத்தில் நரம்புக்கு நல்லது என்று முளைகட்டிய பயறும் உப்பில்லாக் கஞ்சியும் மட்டும் போடுவார்கள். அதனால் அவள் மதியம் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற கிடங்குக்குப் போவாள். அங்கே மேற்பார்வையாளன் இசக்கியப்பன் அவளுக்காகத் தயிர்ச்சோறு எடுத்து வைத்திருப்பான். அவன் மேசைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அன்றைக்குச் செங்குளத்தில் இறங்குகிற ஒவ்வொரு விமானத்தின் பெயரும், திரும்பும்போது எத்தனை சாப்பாடு ஏற்ற வேண்டும் என்பதும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். பொய் விமானம் எதுவும் அந்தப் பலகையில் கிடையாது. இல்லாதவனுக்கு யார் சோறு கட்டுவார்கள்?

முதல் நாளே அவள் அதைக் கவனித்துவிட்டாள். தேர்வில் காப்பியடிப்பதுபோல இருந்ததால் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மாலை மூன்றரை மணி. மேற்கே இடியும் மின்னலுமாக மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். மற்றொன்றும் ஆறே நிமிடத்தில் மழைக்குள் போய்விடும் என்று வானிலைத் திரை காட்டியது. அதற்குள் ஒரு விமானத்தைத்தான் இறக்க முடியும். அந்த நேரம் பார்த்து இரண்டு விமானங்கள் கூப்பிட்டன.

"செங்குளம், இனிய மாலை வணக்கம். நீலம் 417. இரண்டாம் எஞ்சின் பகுதியில் சிறு அசௌகரியம். சற்று முன்னதாக இறங்க வாய்ப்பிருந்தால் மகிழ்ச்சி."

அவள் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் அறையையே உலுக்கியது. "செங்குளம்! பவளம் 92! உள்ள புகை! ஆளுங்க மயங்கி விழறாங்க! எங்களை இறக்குங்க, கடவுளே, இறக்குங்க!" பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

ஷிப்ட் பொறுப்பாளர் தங்கையா ஓடிவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நல்ல மனிதர். விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

"கோமளா, பவளத்தை இறக்குங்க. நீலத்தை மதுரைப் பக்கம் திருப்பி விடுங்க."

"பவளம் பொய்யா இருந்தா சார்?"

"பொய்யா இருந்தா நீலத்துக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நீலத்துக்கு நிஜமாவே ஏதாவதுன்னா விழிப்பு பவளத்தை இந்நேரம் அழிச்சிருக்கும்ல? அழிக்கலையே. அதுவுமில்லாம அசல் குரல் வருது பாருங்க. சாந்தம் ஒதுங்கிடுச்சு. பேரிடர்மா இது."

புத்தகப்படி அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. கோமளவல்லி கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

"செங்குளம், நீலம் 417. அசௌகரியம் தொடர்கிறது." முதல் அழைப்புக்கும் இதற்கும் இருபது நொடி இருக்கும்.

எட்டு நொடி கழித்து, "செங்குளம், நீலம் 417."

மூன்றே நொடியில் மறுபடியும், அதே தேன் குரலில், "செங்குளம், நீலம் 417. நான்காம் முறையாகத் தொடர்புகொள்வதில் மகிழ்ச்சி."

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். இவ்வளவு நிதானமாகப் பேசுகிற எவரும் மூன்று நொடிக்கு ஒரு தரம் கூப்பிட மாட்டார்கள். குரலை மாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு இடைவெளியை மாற்றத் தெரியவில்லை. அப்படியானால் விழிப்பும் கேட்டுக்கொண்டிருப்பது வடிகட்டிய குரலைத்தான்; நீலத்தின் பேரிடர் அதற்குத் தெரிந்தே இருக்காது. ஆத்மநாதன் கண்ணாடியைத் துடைத்த கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது.

ஆனால் பவளம் மெய்யாகவே இருந்தால்? குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு, "நீ இல்லை" என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

எழுந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் மணி அடிக்கும், அடித்தது. கைபேசிகளை எல்லாம் வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிடுவார்கள். சுவரில் ஓர் உள்தொலைபேசி மட்டும் இருந்தது. கிடங்கின் எண்ணை அழுத்தினாள்.

"யக்கா, மழைக்கு முன்னால சாப்பிட வாறியளா?" என்றான் இசக்கியப்பன்.

"பலகையைப் பாருங்க. பவளம் 92. செங்குளத்துக்கு வர்ற வண்டி. சாப்பாடு உண்டா?"

"பவளமா? அப்படி ஒண்ணுமே இல்லியே."

"நல்லாப் பாத்து சொல்லுங்க!"

"இல்லக்கா. நீலம் இருக்கு, 417. நூத்து நாப்பத்தாறு சாப்பாடு. அதுல ஒம்பது பேருக்கு சக்கரை போடாதது."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது பவளத்தின் விமானி அம்மா அம்மா என்று அலறிக்கொண்டிருந்தான். "நீலம் 417, நேராக இறங்கவும். ஓடுபாதை உங்களுக்கே" என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் சாந்தம் இருக்கும்போது அது யாருக்குத் தெரியப்போகிறது?

தங்கையா தலையில் கைவைத்துக்கொண்டார். நாலு நிமிடம் கழித்து நீலம் 417 மழைக்கு முன்னால் தரையைத் தொட்டது. வலது எஞ்சினிலிருந்து புகை வால்போல நீண்டு வந்ததை எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அதே நொடியில் பவளம் 92 திரையில் தரையில் மோதி மறைந்தது. 'இறந்தோர்: 212' என்று சிவப்பில் எழுத்து வந்து, மூன்று முறை மின்னியது.

மறுநாள் கிடங்கில் இசக்கியப்பன் எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். இருபது நொடி, எட்டு நொடி, மூன்று நொடி என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள். அவன் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "அப்போ 'அசௌகரியம்'னா செத்தோம்னு அர்த்தமா?" என்றான். அன்றைக்குத் தயிர்ச்சோற்றோடு மாவடுவும் வைத்தான். அவளுக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

விசாரணை நாலாம் நாள் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் ஆத்மநாதன். நீலம் 417-ஐ ஓட்டிவந்த கேப்டன் ஷமீமா சாட்சி சொல்ல வந்திருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். தொண்டை கட்டிப்போயிருந்ததால் காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"எஞ்சின் எரிஞ்சுது சார். நான் கத்தினேன். நாலு வாட்டி கத்தினேன். நாலாவது வாட்டி உம்மாவைக் கூப்பிட்டேன். தொண்டை இன்னும் தேறல."

தலைவர் பரிவோடு தலையசைத்துவிட்டு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். அறையில் தேன் வழிந்தது. "நான்காம் முறையாகத் தொடர்புகொள்வதில் மகிழ்ச்சி."

"இது நான் இல்ல சார்!"

"உங்க விமானத்துலேர்ந்து வந்ததுதானே?"

"வந்தது அங்கேர்ந்துதான். ஆனா..."

"பதிவுல அவசரநிலைன்னு ஒரு வார்த்தை இல்லையேம்மா. விமானம் பத்திரமா இறங்கியிருக்கு. பயணிகளுக்குச் சிறு அசௌகரியம். அவ்வளவுதான்."

"எஞ்சின் கரிக்கட்டையா கெடக்கு, போய்ப் பாருங்க!"

"அது பராமரிப்புத் துறையோட கோப்பு. நாம அதுல தலையிட முடியாது." தலைவர் கோமளவல்லியின் பக்கம் திரும்பினார். முகம் துக்க வீட்டுக்கு வந்தவர்போல மாறியது. "ஆனா பவளம் 92-ல இருநூத்திப் பன்னிரண்டு பேர். அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அப்படி ஒரு விமானமே இல்லையே சார்."

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணிக் கேட்டதாலதானே? அது காப்பியடிக்கிறது. கேக்கலைன்னா தெரிஞ்சிருக்காது. தெரியாத நிலையில நீங்க அவங்களைச் சாகவிட்டிருக்கீங்க."

கோமளவல்லி ஆத்மநாதனைப் பார்த்தாள். "சார், அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். வடிகட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு. பின்னாடின்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. அதை எழுதிக்குங்க சார், அது போதும். என்னை வேணும்னா அனுப்பிடுங்க."

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இந்தமுறை துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு மேசையையே பார்த்தார். எதிர் அறைக்காரர்களிடம் போய் இதைச் சொன்னால் இரண்டு இயந்திரங்களையும் நிறுத்த வேண்டியிருக்கும். எழுநூறு பக்கமும் வீணாகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அது வேற கமிட்டி மேடம்" என்றார், மெதுவாக.

மூன்றாவது கரும்புள்ளி வைக்கப்பட்டது. கோமளவல்லியைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்து, மன அமைதிக் குழுவின் கீழ்த்தளத்து அறை ஒன்றில் போட்டார்கள். விமானிகளின் வடிகட்டிய குரல்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமை என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுவது வேலை. அத்தோடு விசாரணைக் குழு, இனி இப்படி நடக்காமலிருக்கச் சில பரிந்துரைகளையும் செய்தது. சாந்தம் வெற்றிகரமாக இயங்குவதால் உள்தொலைபேசிகளுக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றவை என்னவென்று அவளுக்குத் தெரியவரவில்லை.

மூன்று வாரம் மதிப்பெண் போட்டாள். எல்லாக் குரலும் இனிமைதான். ஆனால் அவள் குரலைக் கேட்கவில்லை, இடைவெளிகளைத்தான் எண்ணினாள். இடைவெளி சுருங்கிக்கொண்டே போன அழைப்புகள் முதல் வாரத்தில் இரண்டு, அடுத்ததில் ஐந்து. மேலே எழுதி அனுப்பினாள். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு மேசையில் தொலைபேசி அடித்தது. இசக்கியப்பன்.

"யக்கா, ஒரு சந்தேகம். மேலேர்ந்து புதுசா ஆர்டர் வந்திருக்கு. பவளம் 92, இருநூத்திப் பன்னெண்டு சாப்பாடு. குழந்தைக்குப் பால்கூடப் போட்டிருக்கான். நீங்க அது இல்லாத வண்டின்னியளே? பலகையில எழுதணுமாம், வண்டியில ஏத்தணுமாம், ஓடுபாதை ஓரம் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பி வரணுமாம். இனிமே யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா இருக்குன்னு சொல்லணுமாம். என்ன செய்யட்டும்?"

மற்ற பரிந்துரைகளில் ஒன்று என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவள் நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒரு மழை நாள் வரும். அவளுக்கு எழுந்துபோய்க் கேட்கத் தோன்றினாலும், உண்டு என்றுதான் பதில் கிடைக்கும்.

"எழுதாதீங்க!" என்று கத்தினாள். "பலகையில அதை எழுதாதீங்க தம்பி! எழுதினா ஒருநாள் நிஜமா ஆளுங்க சாவாங்க! யார் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க!"

மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "சரிக்கா. நன்றியெல்லாம் எதுக்கு. நீங்களே இவ்வளவு நிதானமா ஒத்துழைக்கச் சொல்லும்போது எனக்கென்ன? எழுதிடுதேன்." வைத்துவிட்டான்.

கோமளவல்லி கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். அதன் அடியில் புதிதாக, 'சாந்தம்' என்று எழுதிய ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தினாள். "அட, மறுபடியும் வாழ்த்தா?" என்று சிரித்தான் அவன். வைத்தான். உடனே கூப்பிட்டாள். "யக்கா, சாப்பாடு கட்டுத நேரம், என்ன இன்னிக்கு..." அவள் துண்டித்துவிட்டு, மூச்சுவிடாமல் மறுபடி எண்ணை அழுத்தினாள்.

இந்தமுறையும் அவன் எடுத்தான். பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. மேசையில் எதையோ விரலால் தட்டி எண்ணிப் பார்ப்பதுபோல ஒரு சத்தமும் கேட்டது.

"யக்கா," என்றான் கடைசியில், குரல் தாழ்ந்து. "உங்களுக்கு என்ன செய்யுது?"

தனக்கு என்ன செய்கிறது என்று அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"சிறு அசௌகரியம்னு சொல்லுதிய" என்றான் இசக்கியப்பன். "அங்கனயே இருங்க. சுண்ணாம்புக்கட்டியக் கீழ போட்டுட்டேன். நான் நேர்ல வாறேன்."